ஊதா நிறத்தின் மேல் போட்ட பழி

என் பந்தல் கடையின் இணையதளத்தைப் புதுப்பித்த பிறகு ஒரு மாதமாக யாரும் அழைக்கவில்லை. குற்றவாளி புதிதாகப் போட்ட ஊதா நிறம்தான் என்று நம்பினேன். பதறிப்போய் மூன்று முறை நிறம் மாற்றினேன். நண்பர்களிடம் கருத்துக் கேட்டால் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

விழுப்புரத்தில் ரயிலேறியதும், எதிரே மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் தளத்தைத் திறந்து போனை நீட்டினேன். ரயிலில் எதற்கு ஹெல்மெட் என்று கேட்கவில்லை. எனக்கு ஆள் கிடைத்ததே பெரிது. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, திண்டிவனம் வரை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்.

"கலர் எப்படிங்க?"

"கலரு ஜோருங்க. நானும் தேடிக்கினே வர்றேன், உங்க நம்பர் எங்கங்க?"

எங்குமே இல்லை. புதுப்பிக்கும்போது நான்தான் அழித்திருந்தேன்.

அன்றே சேர்த்தேன். மறுநாள் போன் அடித்தது.

"ரயில்ல பாத்தோமே, நான்தாங்க. இப்ப நம்பர் தெரியுதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் வந்த அழைப்பு அது ஒன்றுதான்.