நான் முந்திச் சொன்ன பெயர்

கையில் பிடித்திருந்த மெழுகுதிரி உருகிப் புறங்கையில் சொட்டியது. நான் கையை அசைக்கவில்லை. கோயில் நிறைய ஆள். ஞானஸ்நானத் தொட்டிக்கு இந்தப் பக்கம் பட்டுச் சட்டையும் பவள மோதிரமுமாக நான். அந்தப் பக்கம் என் சரக்குத் தோணியை ஓட்டுகிற தண்டலும், பிள்ளையை ஏந்திக்கொண்டு அவன் மனைவியும். எங்கள் பக்கத்தில் பிள்ளையின் பெயரைப் பெற்றவர்கள் சொல்வதில்லை. ஞானத்தகப்பனாக நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும். அவன் வாயில் என்ன வருகிறதோ அதைச் சாமியார் ஏட்டில் எழுதிவிடுவார், எழுதினது எழுதினதுதான். "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று சாமியார் கேட்டார். கஸ்பார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்திருந்தேன். "இஞ்ஞாசி" என்றேன். அது என் பெயர்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். அடுத்தவன் தோணியில் சோறு பொங்கினவன், முப்பத்தைந்து வயதில் சொந்தத் தோணி இறக்கினேன். அப்புறம் இன்னும் இரண்டு. கோட்டும் டையும் போட்டவன் என் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறான். கோயில் மணிக்கூண்டிலும் கல்யாண மண்டபத்திலும் என் பெயர் வெட்டிய கல் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பாடுபட்டவன் பெருமைப்படாமல் வேறே யார் படுவது? அதனால் அன்றைக்கு ஊர் என்ன நினைத்ததென்றால், கல்லில் பெயர் வெட்டினது போதாமல் பச்சைப்பிள்ளை மேலும் வெட்டிவிட்டான் என்று நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மை அதைவிடக் கேவலமானது.

தண்டலும் நானும் ஒரே தோணியில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் முதலாளி ஆனேன், அவன் என் தோணிக்குத் தண்டல் ஆனான். நாலு பேர் முன்னால் 'மொதலாளி' என்பான். தனியே இருந்தால் 'ஏலே'தான். அவன் மனைவியின் தம்பிதான் கஸ்பார். இருபத்திரண்டு வயது, அதே தோணியில் வேலை. ஏணி ஏறுகிற மாதிரிப் பாய்மரத்தில் ஏறி உச்சியில் நின்றுகொண்டு, "மொதலாளி, மேலருந்து பாத்தா நீங்க ரொம்பச் சின்ன ஆளாத் தெரியுதீய!" என்று கத்துவான். துறைமுகமே சிரிக்கும். கோபப்பட நினைப்பேன், வராது. அப்படி ஒரு முகம் அவனுக்கு.

அந்த வருடத்துக் கடைசி நடை. மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றியாகிவிட்டது. மேற்கேயிருந்து கச்சான் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. தண்டல் கரையில் நின்று வானத்தைப் பார்த்தான். "காத்து இளகலலே. ரெண்டு நாள் பொறுப்போம்" என்றான். எனக்கு மூட்டைகளைப் பற்றித்தான் நினைப்பு. "ரெண்டு நாள்ல வெங்காயம் முளைச்சிரும். ஒனக்குப் பயமா இருந்தா சொல்லு, வேற தண்டல் பாக்கேன்" என்றேன். கடல்காரனைப் பார்த்துப் பயமா என்று கேட்கக் கூடாது. தெரிந்துதான் கேட்டேன். அவன் நேரே தோணிக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் நடுக்கடலில் ஒரு அலை மேல்தட்டை வழித்துக்கொண்டு போனது. அதோடு கஸ்பாரும் போனான். உடம்பு கிடைக்கவில்லை.

திரும்பி வந்த தண்டல், கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னான்: "காத்தை நான் தப்பாக் கணிச்சிட்டேன்." பெண்டாட்டியிடமும் அதையே சொன்னான். தனியாக இருக்கும்போது, "ஏம்லே அப்படிச் சொல்லுத?" என்று கேட்டேன். "கரையில நிக்கவன் ஆயிரம் சொல்லுவான். பாய் விரிச்சவன் நான்" என்றான். தண்டலின் முறை அது. கடலில் நடந்ததற்குத் தண்டல்தான் பொறுப்பு, வேறு ஆளைக் கைகாட்ட மாட்டான். 'இல்லலே, போகச் சொன்னது நான்' என்று நான் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்ததெல்லாம் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டதுதான்.

அப்போது அவன் மனைவிக்கு ஆறு மாதம். பிள்ளை பிறந்து ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும், கைப்பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, தம்பிக்குக் குழி இல்ல. கல்லறைத் திருநாளுக்கு எல்லாவளும் அவவ ஆளு குழியில பூ வைக்காவ, நான் போயி பெரிய சிலுவைக்கடியில நிக்கேன். அவன் பேரையாவது வீட்டுக்குள்ள கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். கஸ்பாரை முன்னால வைங்க. ஒங்க பேரு பின்னால வரட்டும்" என்றாள். கடலோடு போனவனின் பெயரை அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு வைப்பது எங்கள் வழக்கம். "அதுக்கென்ன தங்கச்சி, ஆகட்டும்" என்றேன்.

அவர்கள் வீடும் என் வீடும் ஒரே தெரு. அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இனி தினமும் அந்தத் தெருவில், "ஏலே கஸ்பாரு, சாப்பிட வா", "கஸ்பாரு எங்கன போனான்?" என்று சத்தம் வரும். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காப்பி குடிக்கும்போது வரும். சாகிற வரைக்கும் வரும். அந்தப் பயம்தான் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் என் நாக்கைத் திருப்பியது. என் பெயரைச் சொன்னதும் தண்டல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "இஞ்ஞாசி கஸ்பார்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். சாமியார் எழுதிவிட்டார். முன்னால் என் பெயர், பின்னால் குடும்பப் பெயர், நடுவில் அவன். நடுப்பெயரை வாசலில் நின்று யார் கூப்பிடுகிறார்கள்? அது ஏட்டோடு கிடக்கும். கோயிலுக்கு வெளியே கேக் கொடுக்கும்போது ஒருத்தன், "என்ன மொதலாளி, தோணிக்கு வச்சது பத்தாதுன்னு புள்ளைக்குமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் பலமாகச் சிரித்தேன். அவள் பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தகப்பனும் அன்றிலிருந்து ஒருத்தரையொருத்தர் 'கும்பாதிரி' என்று கூப்பிடுவது எங்கள் ஊர் உறவு. தண்டல் என்னை அப்படி ஒரு நாளும் கூப்பிடவில்லை. 'ஏலே'யும் நின்றுபோனது. தனியே இருந்தாலும் 'மொதலாளி'தான். என் தோணியை மட்டும் கடைசிவரை கண் மாதிரிப் பார்த்துக்கொண்டான். அவளோ பிள்ளையை 'மக்கா' என்பாளே தவிர, இஞ்ஞாசி என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அவன் இஞ்ஞாசிதான். கஸ்பார் என்ற சத்தம் எங்கள் தெருவில் கேட்கவே இல்லை. நான் நினைத்தது நடந்தது.

தண்டல் போன வருடம் இறந்துபோனான். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, இந்த வருடம்தான் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. பெயரைப் பற்றிப் பேச என்னிடம் வந்தான்.

"பெரியப்பா, அவ போன்ல லிஸ்டு வச்சிருக்கா. ரயான், ஏடன், ஜேடன்..."

"என்னலே இது, தலைவலி மாத்திரை பேரு மாதிரி இருக்கு?"

சிரித்தான். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. "சூசைன்னு அப்பா பேரை முன்னால வைக்கத்தான் எனக்கு ஆசை. மூத்த பேரனுக்கு அதானே முறை? அம்மா விட மாட்டேங்காவ. அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கவே கூடாதுங்காவ. அதான், ஒங்க பேரையே முன்னால வச்சிட்டு, அவ சொல்லுததுல ஒண்ணை நடுவுல போடலாம்னு பாக்கோம்."

"ஏன் வேண்டாங்கா?"

"மாமாவைக் கடலுக்குக் குடுத்தது அப்பாதானாம். ஒங்களுக்குத் தெரியாதா பெரியப்பா? நான் பாக்க, அம்மா அப்பாவுக்குப் பக்கத்துல நின்னு சோறு போட்டதே கெடையாது. சட்டியை வெளிய கொண்டாந்து வச்சிட்டு அடுக்களைக்குள்ள போயிருவாவ. அப்பா தானே போட்டுத் தின்னுட்டு எந்திரிப்பாவ."

எனக்குத் தெரியாது. ஒரே தெருவில் இத்தனை வருடம் இருந்தும் தெரியாது. அந்த வீட்டில் இருந்து எந்தச் சத்தமும் வரக் கூடாது என்றுதானே காதைப் பொத்தியிருந்தேன். ஒரு பெயரை மட்டும் பறித்தேன் என்று நினைத்திருந்தவன், ஒருத்தன் வாய்க்குப் போன சோற்றையே பறித்திருக்கிறேன். இப்போது அவன் பேரனின் பெயரிலும் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்கப் போகிறேன்.

மறுநாள் காலையில் தண்டலின் மனைவியைப் பார்க்க நடந்தே போனேன். கொடியில் குழந்தைத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வெங்காயம், காற்று, நான் கேட்ட கேள்வி, ஞானஸ்நானத்தில் நாக்கு புரண்ட காரணம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த ஈரத்துணியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அவிய போக வேண்டாம்னா சொன்னாவ?"

"ரெண்டு நாள் பொறுப்போம்னான் தங்கச்சி."

அந்தத் துணியை மறுபடியும் மறுபடியும் பிழிந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "ஏசு தங்கச்சி, செருப்பைக் கழட்டி அடி" என்றேன்.

"ஒங்கள ஏசி என்ன ஆகப் போவுது? ஏச்செல்லாம் அவியளுக்கே போட்டு முடிச்சிட்டேன்" என்றாள். துணியை உதறிக் கொடியில் போட்டாள். "புள்ளைக்கு அவிய பேரு முன்னால. தம்பி பேரு நடுவுல. ஒங்க பேரு வேண்டாம்ணே."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மன்னிப்பை அவள் தரவில்லை. கேட்கிற துணிச்சலும் எனக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது. அவள் மருமகளின் அண்ணன் ஞானத்தகப்பனாக நின்றான். நான் கடைசி பெஞ்சில், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சாமியார் கேட்க, "சூசை கஸ்பார்" என்று அவன் ஒரே மூச்சில் சொன்னான். எல்லாம் முடிந்து பிள்ளையை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். வாசல் வெயில் முகத்தில் அடித்ததும் பிள்ளை சிணுங்கியது. அவள் முந்தானையால் அதன் முகத்தை மறைத்தாள். ஊரே நிற்க, உரக்கவே சொன்னாள்:

"அழாதலே சூசை. வீட்டுக்குப் போவோம், நான் ஊட்டுதேன்."