பக்கத்து இருக்கையின் பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் பிரேக் டீச்சர். பழக்குகிற வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அங்கே உட்கார்ந்திருக்கும் டீச்சர் மிதிக்க வேண்டும். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து அவளுடைய கால் அவள் பேச்சையே கேட்பதில்லை. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சினிமாவில் கார்கள் துரத்திக்கொண்டு போனால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைப்பார்.

படித்தது என்னவோ சிவில் இன்ஜினியரிங். அந்தப் படிப்பு வேலை தரவில்லை, கடனைத் தந்துவிட்டுப் போய்விட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஒரு தவணைகூடப் பிசகாமல் கட்டி, இன்னும் ஒரே வருஷத்தில் அதைத் தலைமுழுகிவிடலாம் என்கிற இடத்துக்கு வந்திருந்தாள். முடிந்த மறுமாதமே சொந்தமாக ஒரு வண்டி, சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல். போர்டுக்கு என்ன நிறம் என்பதுவரை முடிவு செய்தாயிற்று.

கணவனுக்கு வேறொரு வங்கியில் இரண்டு கல்விக்கடன்கள். பட்டப்படிப்புக்கு ஒன்று, அதற்கு மேல் படித்த டிசைன் படிப்புக்கு ஒன்று. இப்போது அச்சகத்தில் மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறான். போன மாதம் அவன்தான் அவளுடைய வங்கியில் ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். கணவன் மனைவி இருவர் கடனையும் ஒரே கடனாக்கிவிட்டால் வட்டி குறையும், மாதத் தவணை பாதியாகும். ஆனால் கட்டி முடிக்கப் பன்னிரண்டு வருஷம், அதுவும் இருவர் பெயரிலும். அந்தக் குறைந்த வட்டியே அவள் ஒழுங்காகக் கட்டிய புண்ணியத்தில்தான் கிடைக்கிறது. யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று இழுத்தவள், போனால் போகிறது என்று சரி சொல்லிவிட்டாள். இன்றைக்குக் கையெழுத்து.

காலையில் நாத்தனாரிடமிருந்து போன். தையல் கடை வைத்திருக்கிறவள். தம்பியின் இரண்டு கடனுக்கும் ஜாமீன் போட்டவள் அவள்தான்.

"நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. மூணு மாசமா அவன் தவணையே கட்டலையாம். நேத்து பேங்க்லேர்ந்து ரெண்டு பேர் கடைக்கே வந்து நின்னாங்க. அளவு கொடுக்க வந்தவங்க முன்னாடி மானம் போச்சு."

போனை வைத்தாள். கட்டாததுகூடப் பெரிதில்லை. மூன்று மாதமாக ராத்திரி தவறாமல் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

மத்தியானம் வங்கிக்குக் கிளம்பினார்கள். அவன் ஓட்டினான். வீட்டுக் கார் பழையது; அவள் பக்கம் பிரேக் கிடையாது, காலடியில் தேய்ந்த மேட்டிங் மட்டும்தான். அவனாகவே வாய் திறக்க வேண்டும் என்று தெருத் தெருவாகக் காத்திருந்தாள்.

"ஏங்க, சொல்றதுக்கு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"என்ன இருக்கு சொல்ல? ஐடி கார்டு எடுத்துக்கிட்டே இல்ல?"

அப்போது சந்திலிருந்து ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. அவள் கால் ஓங்கி மேட்டிங்கை மிதித்தது. அவன் சரியான நேரத்தில்தான் பிரேக் போட்டான். லாரி போன பிறகு அவள் காலையே பார்த்தான்.

"என்னை நம்பவே மாட்டியா நீ?"

அவளுக்குச் சுருக்கென்றது. நம்பாமலா கையெழுத்துப் போடக் கிளம்பி வந்தேன் என்று கேட்க வந்ததை மென்று விழுங்கினாள்.

கடன் பிரிவில் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த அதிகாரியம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். ஒரு தடவை சேர்த்துட்டா திரும்பப் பிரிக்க முடியாது. நாளைக்கு உங்களுக்குள்ள ஒத்துவராம போனாலும் சரி, ஒருத்தர் கட்ட முடியாம போனாலும் சரி, மிச்சம் முழுக்க இன்னொருத்தர் தலையில. புரியுதுங்களா?" என்றவர், கீபோர்டில் கை வைத்தபடி கேட்டார். "தவணை ஏதாவது பாக்கி இருக்கா?"

"இல்லைங்க. எல்லாம் கரெக்டா கட்டிட்டு வர்றோம்" என்றான் அவன்.

மேஜைக்கடியில் அவள் கால் பாய்ந்து மிதித்தது. டப்பென்று ஒரு சத்தம். திரை இருண்டது, பிரின்டர் முனகி அடங்கியது, அதிகாரியம்மாவின் மின்விசிறியும் நின்றது. அவர் குனிந்து பார்த்தார்.

"ஸ்விட்ச் போர்டை மிதிச்சிட்டீங்களா?"

"மன்னிச்சிடுங்க மேடம். பழக்கதோஷம்."

"இது மறுபடி எழுந்து வர அரை யுகம் ஆகும். வெளியில உட்காருங்க, கூப்பிடறேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பழக்கதோஷம் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"மூணு மாசம்" என்றாள் அவள்.

அவன் கையிலிருந்த ஐடி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஓவர்டைமை நிறுத்திட்டாங்க. சொன்னா, நீ வண்டிக்குச் சேர்த்து வச்சதை எடுத்துக் கொடுத்துடுவே. அதான் சொல்லலை."

"அதுக்குப் பதிலா பன்னிரண்டு வருஷத்தை எடுத்துக்கலாம்னு பார்த்தீங்களா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். போனால் நாளைக்கும் நாத்தனார் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கையெழுத்துப் போடலாம். போட்டால் வண்டியும் போர்டும் போயே போச்சு. தடுமாறுகிற ஆளிடமிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கி அவள் ஒரு நாளும் ஓட்டியதில்லை. இறங்கி ஓடியதும் இல்லை.

உள்ளே கூப்பிட்டதும் அவளே பேசினாள்.

"மேடம், என் கடன் தனியாவே இருக்கட்டும். இவரோட ரெண்டை மட்டும் ஒண்ணாக்க முடியுமா? ஜாமீன் இவங்க அக்காவுக்குப் பதிலா நான் போடறேன்."

"முடியும். வட்டி இந்த அளவுக்குக் குறையாது. அவர் கட்டலைன்னா உங்ககிட்டதான் வருவோம். அதுக்கு முன்னாடி பாக்கி இருந்தா தீர்க்கணும்."

"மூணு தவணை பாக்கி இருக்குங்க" என்றான் அவன். "என் பைக்கை வித்துக் கட்டிடறேன்."

"கட்டின ரசீதைக் காட்டுங்க, அன்னிக்கே வந்து கையெழுத்துப் போடறேன்" என்றாள் அவள், அவனைப் பார்த்து.

திரும்பும்போதும் அவனே ஓட்டினான். அவள் பிடிவாதமாக இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் மடித்து வைத்துக்கொண்டாள். அவன் பார்த்தான். லாரி வந்த அந்தச் சந்து நெருங்கியதும் அவன் வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். அதற்குள் அவளுடைய ஒரு கால் தானாகக் கீழே இறங்கி மேட்டிங்கில் ஊன்றிக்கொண்டது. எடுக்கலாமா என்று நினைத்தாள். ரசீது வரட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டாள்.