என் கால் சுளுக்கிய ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் கால் சுளுக்கிவிட்டதாக மாமா அப்பாவுக்குப் போன் செய்து சொன்ன சற்று நேரத்தில், நான் அதே காலோடு ஒரு வேப்பமரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவர்கள் பொய் சொல்வதற்கு எவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வெள்ளத்துக்குப் பிறகு எங்களை ஊருக்கு வெளியே ஓர் அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி ஒற்றை அறை வீடு. புது வீட்டில் கக்கூஸ் உள்ளேயே இருந்தது. ஜன்னலில் நின்றால் தூரத்துச் சதுப்பில் கொக்குகள் தெரிந்தன. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றுகூட அவர் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

அப்பா பெயின்டர். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அவர் சாரம் கட்டி ஏறாத தெருவே இல்லை என்று மாமா பீற்றிக்கொள்வார். புது இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் வேலை தொடங்கிவிடும். மேஸ்திரி கொஞ்ச நாள் பொறுத்தார், பிறகு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அப்பா பாயில் படுத்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். தூங்குகிறார் என்று நினைத்துத் துண்டை விலக்கினால் கண் திறந்திருக்கும். நான் அதை ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு அடிக்கடி விலக்கிப் பார்ப்பேன். அவர் திட்டவும் மாட்டார்.

அம்மா அசோக் நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தாள். விடியும் முன்னே கிளம்பிவிடுவாள். சில நாள் கிளம்பும்போது, “இன்னிக்கு இஸ்கோலுக்குப் போவாத. அப்பா கூடவே இரு. அவர் எங்கனா கெளம்பினா நீயும் கூடப் போ” என்பாள். படிக்கவில்லை என்றால் கரண்டியைத் தூக்குகிற அம்மா, தானாகவே லீவு கொடுத்தது எனக்குப் பெரிய அதிசயம். ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வந்து கதவின் உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். புது வீட்டில் எல்லாச் சாமானும் மட்டம், அதற்குள் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவர். கல்யாணமாகாதவர் என்பதால் வீடு ஒதுக்கும் கணக்கில் அவர் வரவில்லை. பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கூட்டாளிகளோடு ஓர் அறையில் இருந்தார். ஒரு சனிக்கிழமை வந்தவர், மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவோடு வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார். நான் பக்கத்தில் போனதும் பேச்சு வெண்டைக்காய்க்கு மாறியது. மறுநாள் காலையில் அவர் ஆட்டோவோடு வந்து, எனக்கு இட்லியும் வடைகறியும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து அப்பா “ம்” என்றார்.

வடைகறி உண்மையாகவே கிடைத்தது. அதைத் தின்று முடித்ததும் ஆட்டோ போய் நின்ற இடம், ஆற்றோரத்தில் எங்கள் பழைய கிரவுண்டு. வீடுகள் இருந்த இடத்தில் முள்வேலி போட்டிருந்தார்கள். கிரவுண்டு மட்டும் அப்படியே இருந்தது. எங்களைப் போலவே வெவ்வேறு திசைக்குப் போய்விட்ட எங்கள் தெரு ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பாதிப் பேர் வெறுங்காலோடு, பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்து வந்துவிடுவார்களாம். எல்லாருக்கும் மூத்தவர் வீடு வீடாகச் சிலிண்டர் போடுகிற கேஸ்காரர். தொப்பை முன்னால் ஓட, அவர் பின்னால் ஓடுவார்.

மாமா தன் காக்கிச் சட்டைப் பையிலிருந்த துணியை என் கணுக்காலில் இறுக்கிக் கட்டி, கிரவுண்டு ஓரத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் போனை எடுத்தார்.

“மச்சான், நான்தான். ஒண்ணும் பயப்படாத. பொண்ணு விழுந்துட்சு. கால் வீங்கிகினு கீது. நான் தொட்டாலே கத்துது, உன்னத்தான் கேக்குது. நம்ம பழைய கிரவுண்டுலதான் கீறோம். சீக்கிரம் வா.”

பிறகு என் பக்கம் திரும்பி, “எங்க, கொஞ்சம் அழுவு” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதையே வலியில் வந்த சத்தம் என்று சமாளித்துப் போனை வைத்துவிட்டார். அன்று லீவில் வீட்டிலிருந்த அம்மாவைப் போகச் சொன்னாராம் அப்பா. “அடுப்புல வேலை கீது, நீயே போ” என்றாளாம் அவள்.

அப்பா வந்துசேர இரண்டு பஸ் ஆகுமே. அதுவரை கட்டுக்காலோடு உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா? முதலில் மரத்தைச் சுற்றினேன். பிறகு வெளியே உருண்டு வந்த பந்தை உதைத்துக் கொடுத்தேன். கோல் காக்க ஆள் குறைந்ததும், இரண்டு செங்கல்லுக்கு நடுவே என்னை நிறுத்திவிட்டார்கள். கேஸ்காரர் அடித்த பந்தை வயிற்றில் வாங்கி விழுந்து, பந்தை விடாமல் எழுந்து குதித்தேன். குதித்த வாக்கில் பார்த்தால், வேலி ஓரம் அப்பா நிற்கிறார். லுங்கி, மாறிப் போட்ட பட்டன், தலை வாரவில்லை. ஓடி வந்திருக்கிறார், மூச்சு இரைக்கிறது. என் காலையும் அதிலிருந்த துணிக்கட்டையும் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

“டேய்!” என்றார்.

பல வாரங்களுக்குப் பிறகு அவர் குரலை முழுசாக அன்றுதான் கேட்டேன். மாமா ஓடத் தொடங்கினார். அப்பா துரத்தவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. அவமானமாகவும் இருந்திருக்க வேண்டும், திரும்பிப் போக ஓரடி எடுத்து வைத்தார். அப்போது கேஸ்காரர் என் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி, அப்பாவின் காலடிக்கு உருட்டிவிட்டார்.

அப்பா பந்தைக் குனிந்து பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். வைத்தார் பாருங்கள் ஓர் உதை. வந்த கோபம் அத்தனையும் அதில் இருந்தது. மைதானத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்த மாமாவின் முதுகில் பந்து ‘தொம்’ என்று விழுந்தது. மாமா குப்புற விழுந்தபடியே “ஃபவுலு! ஃபவுலு!” என்று கத்தினார்.

கிரவுண்டே சிரித்தது. யாரோ, “செவுரு வந்துட்டான்டோய்!” என்று கூவினார்கள். அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் அங்கே அப்பாவுக்கு அதுதான் பெயர். அப்பா உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார்.

அப்புறம் அவர் ஆடினார். நன்றாக ஆடினார் என்று சொல்ல முடியாது. பாயில் கிடந்த உடம்பு, பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஆட்டம் முடிந்து எல்லாரும் மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். நான் அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டேன், அது வேர்வையில் நனைந்திருந்தது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே பேசினார்கள்.

“இன்னா மச்சி, போன் பண்ணாக்கூட எடுக்கல?” என்றார் கேஸ்காரர்.

அப்பா கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினார். “இன்னான்னு சொல்றது? காலைல எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு கீது. அங்க ஒருத்தனுக்கும் நான் யாருன்னே தெரியாது மச்சி.”

இது எளிதில் தீரக்கூடிய சங்கடம் என்று எனக்குப் பட்டது. அப்பா கீழே இறங்கி நாலு பேரிடம் பெயரைச் சொல்லிவிட்டு வந்தால் தீர்ந்தது.

கேஸ்காரர், “எனுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு” என்றார். “தூக்கமே கெடையாது. சிலிண்டரைத் தோள்ல வெச்சிகினு எந்த வூடுன்னு தெரியாம நடுத்தெருவுல நின்னுகினு அழுதிருக்கேன். வூட்ல சொல்லல. ஒரு டாக்டரம்மாவாண்ட போனேன். வா, உன்னையும் கூட்டிகினு போறேன். அடுத்த வாரமும் வந்துடு. நீ வரலன்னா உன் வூட்டாண்ட வந்து ஆடுவோம்.”

அப்பா “ம்” என்றார். துண்டுக்குள்ளிருந்து வருகிற “ம்” அல்ல அது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. துண்டு பல நாள் முகத்துக்குத் திரும்பி வந்தது. கேஸ்காரரோடு அவர் அந்த டாக்டரம்மாவிடம் போனார், மாத்திரை சாப்பிட்டார், வேறு மேஸ்திரியிடம் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விடவில்லை. இப்போது முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டு போகிறார். ஓடுவதைவிடக் கத்துவது அதிகம் என்று மாமா சொல்கிறார்.

அன்று மத்தியானம் நாங்கள் வீடு திரும்பியபோது, அம்மா கீழே படிக்கட்டிலேயே நின்றிருந்தாள். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா குளிக்க மேலே போனதும் என்னைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள். நான் உற்சாகமாக, கேஸ்காரர் அடித்ததை வயிற்றில் வாங்கிய கதையைத் தொடங்கினேன்.

“அத்த உடு. அப்பா சிரிச்சாரா?”

“சிரிச்சாரு.”

“எப்பிடிச் சிரிச்சாரு? சும்மா சிரிச்சாரா, பல்லு தெரியச் சிரிச்சாரா?”

நான் வாயை அகலத் திறந்து சிரித்துக் காட்டினேன். அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“இன்னொரு வாட்டி காட்டு.”

காட்டினேன். திரும்பவும் காட்டச் சொன்னாள். எங்கள் பக்கம் எத்தனை கோல் போட்டது என்று அவள் கேட்கவே இல்லை. ஃபுட்பால் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் அம்மா நமக்கு வாய்த்திருக்கிறாளே என்று அன்று எனக்கு ஒரே வருத்தம்.