விளக்கம் கேட்டதற்கு

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவளைச் சின்னக்கா என்போம். பெரியக்கா அவளுடைய கூடப்பிறந்தவள். எங்களுக்காக ஒரு நாவலை வாசித்துப் பதிவு செய்தவள். அடுத்ததை வாசிக்கத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் குரலே இல்லை. வீட்டில் யாரும் அவள் பேச்சைப் பதிந்து வைத்ததில்லை. தினமும் திட்டுபவளை யார் பதிவார்கள்? அந்தக் குரலில் மிச்சம் இருந்தது நாவல் மட்டும்தான், அதுவும் தொகுக்காமல்.

கோப்புகளை நிர்வகிக்க ஒரு மென்பொருள் உண்டு. கட்டளையைத் தட்டிப் பக்கத்தில் 'ஹெல்ப்' என்று சேர்த்தால், வேலையைத் தொடாமல் விளக்கம் மட்டும் சொல்லும். அது மென்பொருளோடு கூடவே வந்த கட்டளைகளுக்கு மட்டும். நாமாக எழுதிச் சேர்த்ததென்றால், 'ஹெல்ப்' என்ற சொல்லையும் அந்தக் கட்டளையிடமே தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும்.

சின்னக்கா 'கிளீன்' என்று ஒன்றை எழுதிச் சேர்த்திருந்தாள். காப்பாற்ற வேண்டிய பதிவின் பெயரைக் கொடுத்தால், தொகுக்காத மற்றதையெல்லாம் அழித்துவிடும். விளக்கம் எழுதவில்லை. தனக்கு மட்டும் சமைப்பவள் உப்பின் அளவை எழுதியா வைப்பாள்?

அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக அவள் விடுப்பு எடுத்த நாளில் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. தொகுப்பாளர் பயந்த சுபாவம். 'கிளீன் ஹெல்ப்' என்று தட்டினார். 'ஹெல்ப்' என்ற பதிவைக் காப்பாற்றச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் அது அழித்துவிட்டது. தொகுத்த பிறகே நகல் எடுப்பது எங்கள் வழக்கம். உருப்படாத வழக்கம்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணக் கூடாதா?" என்று கத்தினார் மேனேஜர்.

"கேக்கத்தான் சார் செஞ்சேன். கேட்டதுதான் வினையாப் போச்சு."

மறுநாள் சின்னக்கா வந்து திரையைப் பார்த்தாள். "உங்க மேல தப்பில்லண்ணே" என்றாள். அழவில்லை. உட்கார்ந்து அந்தக் கட்டளைக்கு விளக்கம் எழுதினாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"விடு, வீட்டுக்குப் போலாம்" என்று கூட்டிப் போனேன்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் சொன்னாள். பெரியக்காவின் உதடுகள் அசைந்தன.

"என்னக்கா?"

மறுபடி அசைந்தன. எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. மூன்றாம் முறை கேட்கச் சங்கடப்பட்டு, புரிந்தவள்போல் தலையாட்டினாள் சின்னக்கா.