சூடாக இருந்த என்ஜின்

வடமதுரைப் பக்கம் உள்ள எங்கள் கிராமத்துக்குப் பஸ் கிடையாது. அதனால் என் கணவர், பட்டாளத்தில் ஓடிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் திண்டுக்கல்லில் பார்த்தார். இவர் போனபோது விற்பவர் அதை ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் நிறுத்தியிருந்தார். ஒரே உதையில் கிளம்பியது. "ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு முடிவு சொல்லுங்கண்ணே" என்று கொடுத்தனுப்பினார்.

மறுநாள் விடியற்காலையில், என்னோடு பூப்பறிக்க வந்த மகளைப் பாம்பு கடித்துவிட்டது. அவளை மடியில் கிடத்திக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். இவர் உதைத்து உதைத்துப் பார்த்தார். இறங்கித் தள்ளியும் பார்த்தோம். வண்டி கிளம்பவே இல்லை. மகளுக்குக் கண் செருகியது.

"எதையாச்சும் செய்யுங்களேன்!" என்று அலறினேன்.

"வண்டி கெடக்கட்டும், பிள்ளைய குடு" என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஒரு வெங்காய லாரி நின்றது. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, "சூடேறிட்டா நல்லா ஓடும்க்கா" என்றார் விற்க வந்தவர்.

"அது சூடேறதுக்குள்ள எம்பிள்ளைக்குக் கையி காலெல்லாம் சில்லிட்டுப் போச்சு" என்றேன்.

இப்போது இவர் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் நானும் கூடப் போகிறேன். முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், அது ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.