அம்சவேணி போன இடம்

செங்கல்பட்டு கோர்ட்டில் அப்பா தலைமைக் குமாஸ்தாவாக இருந்தார். அவர் மேஜைக்கு முன்னால் கட்சிக்காரர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். கொலை வழக்குக் கட்டையும் வரப்புத் தகராறுக் கட்டையும் ஒரே முகத்தோடு புரட்டக்கூடியவர் என்று பெயர். அப்படிப்பட்டவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரப் பத்திரிகை வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொடர்கதைப் பக்கத்தைத் திறப்பார். அவர் படித்து முடிக்கும்வரை அந்தப் பத்திரிகையை யாரும் தொடக் கூடாது. படித்து முடித்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு அவரிடமே யாரும் போகக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருடம் அம்சவேணி என்கிற பெண்ணின் கதை வந்துகொண்டிருந்தது. கல்யாணமான சில மாதங்களிலேயே அவள் புருஷன் போன கப்பல் மூழ்கிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அப்பா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அடுத்தாற்போல் மாமனார் பொய்ப் பத்திரம் காட்டி அவள் வீட்டைப் பிடுங்கிக்கொண்டான். கதையில் வந்த நீதிபதியும் அவன் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பா பத்திரிகையைத் தரையில் அடித்தார்.

"இன்னா ஜட்ஜு இவன்? சாட்சிய ஒழுங்கா விசாரிச்சானா? அப்பீல் போனா நிக்குமா இது?"

"என்ன ஏன் கேக்கறீங்க? நானா தீர்ப்பு எழுதினேன்?" என்றாள் அம்மா.

அப்பா அதோடு விடவில்லை. அப்பீலுக்கு இன்னும் கெடு இருக்கிறது, அதை அம்சவேணிக்குத் தெரியப்படுத்தவும் என்று பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டார். அம்சவேணி அப்பீல் போகவில்லை. அப்பாவுக்கு அந்த ஆசிரியர் மேல் கடைசிவரை ஒரு வருத்தம் இருந்தது.

அப்போது எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை; இருவருக்கும் இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். பெற்றவர்கள் போனபின் அப்பாதான் அவளை எட்டாவது வரை படிக்கவைத்து சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்தார். ஒன்றரை வருடத்தில் அவள் புருஷன் காய்ச்சலில் இறந்துவிட்டார். ஒரு டிரங்குப் பெட்டியும் வெள்ளைப் புடவையுமாகத் திரும்பி வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வந்த சில மாதங்களில், ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன் என்று ஒரு விண்ணப்பத் தாளை வரவழைத்து அப்பாவிடம் நீட்டினாள். காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் உசுரோட கீற வரைக்கும் என் வூட்டுப் பொண்ணு ஊர் ஊரா போயி வேலை செஞ்சி சாப்பிடணும்னு இல்ல" என்றார் அப்பா. அன்பாகத்தான் சொன்னார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அத்தை அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு கண்ணுக்குக் கட்டு; மற்றொரு கண்ணிலும் புரை இருந்ததால் எல்லாம் புகை மூட்டமாகத்தான் தெரியும். கண்ணாடி போடும்வரை மூன்று மாதம் ஒரு எழுத்துகூடப் படிக்கக் கூடாது. குனியக் கூடாது, தும்மக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கடைசிக் கட்டளையைக் கேட்டு அம்மா கவலைப்பட்டாள். அம்சவேணி அப்போது மகாபலிபுரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"கதை வேணாம். கண்ணு முக்கியமா, அவ முக்கியமா?" என்றாள் அம்மா.

"அவ நம்ம எல்லைக்குள்ள வந்துட்டாடி. இப்ப எப்படி விடறது?" என்றார் அப்பா. பிறகு உள்பக்கம் பார்த்து, "பாப்பா! இங்க வா. நீ படி, நான் கேக்கறேன்" என்று அத்தையைக் கூப்பிட்டார்.

அத்தை கட்டில் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து படித்தாள். நான் அப்பாவின் காலடியில் இருந்தேன். மாமனார் வீட்டை விட்டு வந்த அம்சவேணி சாயங்கால வேளையில் கடற்கரையில் நிற்கிறாள். யாருமில்லை. கடலை நோக்கி நடக்கிறாள். அலை அவள் பாதத்தை நனைத்தது என்று படித்த அத்தை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"ஐயையோ" என்றார் அப்பா. கட்டுக்குக் கீழே அவர் கன்னம் துடித்தது. "படிம்மா. இன்னா ஆச்சி?"

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "அழாதீங்க! கண்ணு போயிடும்!" என்றாள்.

அத்தை ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். அலை அவள் பாதத்தை நனைத்தது. தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவள் நின்றாள். நான் எதற்காகப் போக வேண்டும் என்று யோசித்தாள். திரும்பி நடந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் நின்றிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"சபாஷ்!" என்று அப்பா எழுந்துவிட்டார். அம்மா அவர் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தாள். "அந்த பஸ்ஸு நம்ம ஊருக்குத்தான் வரும்! எங்க எறங்கினா?"

"தொடரும்னு போட்டிருக்கு அண்ணா" என்றாள் அத்தை.

மறுநாள் காலையில் யாரும் இல்லாதபோது நான் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். நான் தேடியது பஸ் படத்தை. பஸ் இல்லை. தலைமுடி அவிழ்ந்த ஒரு பெண் கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அலை அவள் தலைக்கு மேல் மூடிக்கொண்டது' என்று முடிந்து, கீழே 'முற்றும்' என்று போட்டிருந்தது. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா அதை வாங்கி நின்றபடியே ஒரு தடவை படித்தாள். படித்துவிட்டு அரிசி டின்னுக்கு அடியில் செருகினாள்.

"எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ நீ. உனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு. போய் வெளையாடு."

எனக்கும் அப்பாவின் கண் வியாதி வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் ஒரு கண்ணைப் பொத்திப் பொத்திக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்சவேணி செங்கல்பட்டில் பஸ் மாறிக் காஞ்சிபுரம் போனாள். அங்கே ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் வாசலில் நின்று, உள்ளே பெண்கள் பாடம் சொல்லும் சத்தத்தைக் கேட்டாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நாள் பெண்ணை அழவைத்தவனுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று எழுத்தாளரைப் பாராட்டினார். அத்தை படிக்கிறபோது ஏட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படிப்பதை நான் கவனித்தேன். எழுத்து மனப்பாடமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சிக்கல் வந்தது. பள்ளியில் சேர அம்சவேணியின் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அவள் நடையாய் நடந்து அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, என் வீட்டில் உனக்கு என்ன குறை என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். தொடரும்.

"இன்னாது, தொடருமா?" அப்பா கட்டிலைக் குத்தினார். "அந்தக் கழுதைக்கு ஒரு கையெழுத்துப் போட இன்னா கேடு? சோறு போட்டா ஆச்சா? அவளுக்கு ஒரு பொழப்பு வேணாமா?"

அத்தை எழுந்து உள்ளே போனாள். அந்த வாரம் முழுக்க அப்பா அந்த அண்ணனைத் திட்டினார். சாப்பிடும்போது திட்டினார். கண்ணுக்கு மருந்து விடும்போது, "அவன் போட்டுடுவான்னு நெனைக்கிறியா?" என்று அம்மாவைக் கேட்டார். "எனக்கு இன்னா தெரியும்? ஆம்பளைங்க மனசு ஆம்பளைங்களுக்குத்தான் தெரியும்" என்று அம்மா பஞ்சால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

அந்த வாரந்தான் ஆபத்து வந்தது. கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா ஒருவர் அப்பாவை நலம் விசாரிக்க வந்தார். அவரும் அதே தொடர்கதையை விடாமல் படிக்கிறவர். இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றியே பேசுவார்களாம். வந்தவர் உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டார்.

"அம்சவேணி போயிட்டாளே சார்."

காப்பியோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் அத்தை.

"ஆமா, போயிட்டா. நல்ல காரியம் பண்ணா" என்றார் அப்பா.

வந்தவர் திகைத்தார். "நல்ல காரியமா? இன்னா சார் இப்படிச் சொல்றீங்க? சின்னப் பொண்ணு சார்."

"சின்னப் பொண்ணுன்னாதான் போகணும். இங்கியே கெடந்து இன்னா பண்றது? மாமனார் மூஞ்சியப் பாத்துகினு இருக்கணுமா?"

"இருந்தாலும் சார், கூடப் பொறந்தவங்க மனசு கேக்குமா?"

"கேக்காதுதான். ஆனா நானா இருந்தா தடுக்க மாட்டேன். நானே கூடப் போயி விட்டுட்டு வருவேன்."

வந்தவர் அப்பாவின் கண் கட்டையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். அம்மா காப்பியை அவர் கையில் திணித்து, "ஆறிடும், குடிங்க" என்றாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "ஆப்பரேஷன்ல தலைக்கும் ஏதாவது ஆகிப் போச்சாம்மா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். அம்மா கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். திரும்பி உள்ளே வந்தபோது அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை அரிசி டின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அத்தை சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டை அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அப்பா எழுந்து உட்கார்ந்து காத்திருந்தார்.

"படி பாப்பா. போட்டானா, இல்லையா?"

அத்தை பத்திரிகையைத் திறக்கவில்லை. அதற்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"தெரியல அண்ணா. நீதான் சொல்லணும்."

அப்பா தாளை விரல்களால் தடவினார். முப்பது வருடம் தாள்களோடு வாழ்ந்தவர்; பத்திரிகைத் தாளுக்கும் விண்ணப்பத் தாளுக்கும் வித்தியாசம் அவருக்குக் கண்ணால் தெரிய வேண்டியதில்லை. அம்மா சுவரோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. கத்துவார் என்று நினைத்தேன்.

"எத்தினி நாளா இந்தக் கதை நடக்குது?" என்றார் கடைசியில்.

அம்மாதான், "மூணு வாரமா" என்றாள்.

"பேனா கொண்டா" என்று அப்பா என்னிடம் சொன்னார். கொண்டு வந்தேன். "எங்க போடணும்? வெரல வெச்சிக் காட்டு."

அத்தை அவர் கையைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள். கோர்ட் முழுக்கப் பேர்பெற்ற அப்பாவின் கையெழுத்து அன்றைக்குக் கோட்டை விட்டு மேலே ஏறி, தாளின் ஓரம் வரை போய் நின்றது.

"அழாதீங்க, கண்ணு..." என்று ஆரம்பித்த அம்மா அதை முடிக்கவில்லை.

அடுத்த ஜூனில் அத்தை காஞ்சிபுரம் போனாள். அப்பாவே கூடப் போய் விட்டுவிட்டு வந்தார். அதற்கு முன்பே அவருக்குக் கண்ணாடி வந்துவிட்டது. வந்த அன்றே பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி, ஒரே மூச்சில் படித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் அடுக்கி வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. "அம்சவேணி கடல்ல போனாளா, பள்ளிக்கூடத்துக்குப் போனாளாப்பா?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துக்குத்தான். இதுல இருக்கறது அச்சுப் பிழை. பிரஸ்காரன் கவனிக்கல" என்றார்.

என் கண்ணில் கோளாறு இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளிடமெல்லாம் அந்த அச்சுப் பிழையைப் பற்றிச் சொன்னேன்.

பயிற்சி முடித்த அத்தை சதுரங்கப்பட்டினத்திலேயே டீச்சராகி, முப்பது வருடத்துக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். என்னைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றவளும் அவள்தான். அம்மாவை நினைத்தாலும், பிழையைப் பிரஸ்காரன் தலையில் போட்ட அப்பாவை நினைத்தாலும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. முகம் தெரியாத அந்த எழுத்தாளருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர் அங்கே கொண்டுபோய் நிறுத்தியதால்தானே அத்தை திரும்பி நடந்தாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தை எங்கள் வீட்டில் இருந்த நாட்களில், கொளவாய் ஏரிக்குத் துணி துவைக்கப் போகும்போதெல்லாம் அம்மா என்னையும் அனுப்புவாள். அத்தை திரும்பும்வரை அவள் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்பாள். சோப்பைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விடுமாம், அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நானும் பெருமையாக, ஒரு நாள்கூட ஒரு சோப்பையும் விடாமல் காத்தேன்.

பயிற்சிப் பள்ளியின் முதல் விடுமுறைக்கு அத்தை வந்தாள். துணி மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் சோப்புப் பெட்டியோடு பின்னால் ஓடினேன். அம்மா கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நீ வேணாம். அவ தனியா போயிட்டு வருவா."

சோப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். அம்மா என் கையிலிருந்த பெட்டியை வாங்கி அத்தையிடம் கொடுத்தாள். அத்தை வேகமாக நடந்து தெருமுனையில் திரும்பினாள். நான் என்ன தப்புச் செய்தேன், எதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று புரியாமல் வாசலில் நின்று அழுதேன்.