எட்டாவது மாடியிலிருந்து இறங்கும் வழி

பீரோ, கட்டில் ஏற்றி இறக்குவதுதான் அவருக்கு இருபது வருடத் தொழில். ஆற்றோரக் குடிசைகளை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தார்கள். அவருக்கு எட்டாவது மாடி விழுந்தது. சாவி வாங்கிய அன்றே படிக்கட்டைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"இந்தத் திருப்பத்துல பீரோவே திரும்பாது. படுத்த ஆள் எப்படித் திரும்புவான்?"

"வந்த அன்னைக்கே நல்ல வார்த்தையா பேசுறீங்க" என்றாள் அவள்.

லிஃப்ட் ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு அதன் கதவில் கயிறு கட்டினார்கள். கயிறு நைந்ததும் புதுக் கயிறு கட்டினார்கள்.

ஒரு மத்தியானம் பத்தாவது மாடிப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் சேர்த்துக் கட்டி, மேல்பக்கத்தை அவள் புருஷனிடம் விட்டார். கீழ்ப்பக்கம் தான் நின்று பாரத்தை வாங்கிக்கொண்டு, பின்னோக்கியே ஒவ்வொரு படியாக இறங்கினார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அன்றிலிருந்து அவர் 'நாற்காலி அண்ணன்'.

அடுத்த வருடம் பதினொன்றாவது மாடித் தையல்காரருக்கு நெஞ்சுவலி. ஐந்தாவது மாடி தாண்டும்போது நாற்காலி திடீரென்று கனத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இறக்கினார்.

கீழே தையல்காரரின் மகன் கேட்டான்: "அப்பா நெத்தியில என்ன காயம்?"

"திருப்பத்துல சுவர் உரசிடுச்சு தம்பி."

மகன் கொடுத்த புகாரில் அவரை இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். திரும்பி வந்ததும் மனைவி சொல்லிவிட்டாள்: "இனி யார் வந்து தட்டினாலும் நீங்க வீட்ல இல்ல."

மூன்று வாரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. "அண்ணே, சீக்கிரம் வாங்க, மூச்சு வாங்குது" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். மனைவி கதவைத் திறக்காமலே, "அவரு வேலைக்குப் போயிட்டாரு" என்றாள். காலடிச் சத்தம் மேலே ஓடியது. அவர் சமையலறையில் கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றார்.

ஒரு மணி நேரத்தில் ஒன்பதாவது மாடியிலிருந்து அழுகை கேட்டது. செத்துப்போனது பிஸ்கட் கம்பெனியில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது வருடமாகப் பாக்கெட் ஒட்டியவள். தட்டியது அவள் மகள்.

உடலையும் இறக்கித்தானே ஆகவேண்டும். அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஏறினார். மேல்பக்கத்தை மனைவி பிடித்தாள். கீழே வந்ததும், "குரல் எனக்குத் தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள்.

பிறகு இருவருமாகவே இறக்க ஆரம்பித்தார்கள். லிஃப்டையும் படிக்கட்டையும் பற்றி முறையிட வீட்டு வசதி அலுவலகத்துக்கும் போனார்கள். அதிகாரி வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.

"பிளான்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"அந்தப் படிக்கட்டுல ஒருத்தரைப் படுக்கவெச்சு இறக்கிக் காட்டுங்க சார், நாங்க பேசாம போயிடுறோம்" என்றாள் அவள்.

மறுமாதம் இரண்டு ஆட்கள் வந்தார்கள். படிக்கட்டுச் சுவரில் பச்சை பெயிண்டால் கீழ்நோக்கி அம்புக்குறி போட்டு, 'அவசர வழி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பெயிண்ட் காய்வதற்குள் நான்காவது மாடிக்காரர் ஒருவரை இறக்க வேண்டியிருந்தது. மேல்பக்கம் பிடித்து வந்த மனைவியின் புடவைத் தோளெல்லாம் சுவர் உரசிப் பச்சை. எவ்வளவு துவைத்தும் அது போகவில்லை.